மஞ்சக் கடுதாசி வந்தால் முதலில் எதைத் தேடுவது?

(உயர் நீதிமன்றத்தில் 38 வருடம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற பழைய வண்ணாரப்பேட்டைக்காரர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து வியாபாரிகளுக்குக் கொடுக்கிறேன். ஒரு வியாபாரி எனக்கு 2,80,000 ரூபாய் தர வேண்டும். 2 லட்சத்துக்குப் புரோநோட்டு இருக்கிறது, மீதி நோட்டுக் கணக்கு. போன வாரம் அவருடைய வக்கீலிடமிருந்து தபால் வந்தது. கட்சிக்காரர் கடன்களைத் தீர்க்க முடியாத நிலையில் இருக்கிறார், இன்சால்வன்சி (திவால்) மனு போடப் போகிறார் என்று எழுதியிருக்கிறது. ஆள் திருவொற்றியூருக்குக் குடிபோய்விட்டார். மார்க்கெட்டில் எல்லோரும், "மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டான், இனிமே பத்து பைசா பேராது" என்கிறார்கள். நிஜமா ஐயா? கேஸ் போட்டிருக்கிறாரா இல்லையா என்று நான் எங்கே போய்ப் பார்ப்பது?
— ஒரு வாசகி, காசிமேடு

பதில்: அம்மா, நோட்டீசின் ஜெராக்சையும் கூடவே அனுப்பியிருந்தீர்கள், நல்லதாகப் போயிற்று. நான் அதில் முதலில் தேடியது கேஸ் நம்பரை. இரண்டு பக்கமும் புரட்டிவிட்டேன், இல்லை. எந்தக் கோர்ட் என்றும் இல்லை. அப்படியானால் இது கோர்ட் அனுப்பிய காகிதமே இல்லை, வக்கீல் அனுப்பிய காகிதம். அந்த வியாபாரி திவாலானவர் என்று இன்னும் எந்த நீதிபதியும் சொல்லவில்லை. உங்கள் கடன் ஒரு ரூபாய்கூடக் குறையாமல் அப்படியே நிற்கிறது.

இன்னொன்று, மார்க்கெட்டில் யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். கடன் கொடுத்தவர்களுக்கு "பணம் தருவதை நிறுத்திவிட்டேன், நிறுத்தப் போகிறேன்" என்று நோட்டீஸ் கொடுப்பதையே ஒரு திவால் செய்கை என்று சட்டம் கணக்கில் எடுக்கிறது. அதை வைத்து, அந்தத் தேதியிலிருந்து 3 மாதத்துக்குள், கடன் கொடுத்த நீங்களே அவரைத் திவாலானவராக அறிவிக்கக் கேட்டு மனு போடலாம். 500 ரூபாய் கடன் இருந்தாலே போதும் என்கிறது சட்டம். உங்களைப் பயமுறுத்த அவர் அனுப்பிய காகிதம் உங்கள் கைக்கும் ஆயுதம்தான். தபால் உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதன் மேலே இருக்கும் தேதி முத்திரை வேண்டும்.

இனி, தேடுவது. தனி ஆள் திவாலாவதற்குச் சென்னையில் இன்னமும் 1909-ஆம் வருடத்துச் சட்டம்தான். மெட்ராஸ், பம்பாய், கல்கத்தா மூன்று ஊருக்கும் வெள்ளைக்காரன் போட்டது. (அதற்கு 3 வருடம் முன்னால், 1906-இல், இதே பீச் பக்கத்தில் அர்பத்நாட் பேங்க் படுத்து ஊரே அழுதது. மறு வருடம் இந்தியன் பேங்க் பிறந்தது.) இந்தச் சட்டத்தில் மனு போகிற இடம் உயர் நீதிமன்றம். திவாலானவரின் சொத்தைக் கையில் எடுக்கிற அதிகாரிக்கு அஃபிஷியல் அசைனி என்று பெயர், பேப்பரில் சொத்தாட்சியர் என்று போடுவார்கள். மற்ற ஊர்களுக்கு 1920-ஆம் வருடத்துச் சட்டம். அங்கே மாவட்டக் கோர்ட் அல்லது சப் கோர்ட், அதிகாரி அஃபிஷியல் ரிசீவர். 2016-இல் புதுச் சட்டம் வந்ததே என்று கேட்பீர்கள். அதில் தனி ஆட்களைப் பற்றிய பகுதியை, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும்தான் 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். மீன் வியாபாரிக்குப் பழைய சட்டமே.

உங்கள் ஆளுக்கு வியாபாரம் காசிமேட்டில், வீடு திருவொற்றியூரில். காசிமேடு பழைய மெட்ராஸ் எல்லைக்குள் வருகிறது. திருவொற்றியூர் 2018 வரை திருவள்ளூர் மாவட்டம். கலெக்டர் எல்லை மாறினால் கோர்ட் எல்லையும் கூடவே மாறிவிடும் என்று நினைக்கக் கூடாது. அதனால் இரண்டு இடத்திலும் தேடுங்கள். உயர் நீதிமன்றத்துக்குத் தனி இணையப் பக்கம் இருக்கிறது. பொன்னேரி, திருவள்ளூர் கோர்ட்டுகளுக்கு இ-கோர்ட்ஸ். செல்போனிலேயே பார்க்கலாம், காசு கிடையாது. மாநிலம், மாவட்டம், கோர்ட் வளாகம், வருடம், கட்சிக்காரர் பெயர் கொடுத்தால் பட்டியல் வரும். "நிலுவை", "முடிந்தது" இரண்டையும் பாருங்கள்.

பெயரில்தான் எல்லோரும் வழுக்கி விழுவார்கள். நம் பெயரை இங்கிலீஷில் ஆளுக்கு ஒரு விதமாக எழுதுகிறோம். மூர்த்தி என்ற ஒரே பேருக்கு நான் 4 விதமான எழுத்தைப் பார்த்திருக்கிறேன், அதில் இரண்டு ஒரே கேஸ் கட்டுக்குள். முழுப் பெயரையும் அடிக்காதீர்கள். முதல் 3 எழுத்து போதும், தேடல் பெட்டி ஏற்றுக்கொள்ளும். வருகிற பட்டியலில் ஐ.பி. (இன்சால்வன்சி பெட்டிஷன், திவால் மனு) என்று கேஸ் வகை இருப்பதை மட்டும் எடுங்கள். அதோடு 16 எழுத்தும் எண்ணும் கலந்த சி.என்.ஆர். நம்பர் ஒன்று இருக்கும், அதை எழுதி வைத்துக்கொண்டால் அடுத்த தடவை பெயரோடு மல்லுக்கட்ட வேண்டாம். கம்ப்யூட்டர் வருவதற்கு முந்தின கேஸ்கள் பல அதில் இருக்காது. அவற்றுக்கு ரெக்கார்ட் செக்‌ஷன் படியேறித்தான் ஆக வேண்டும்.

கேஸ் கிடைத்தால் "முடிந்தது" என்ற ஒரு வார்த்தையைப் பார்த்து வயிற்றில் அடித்துக்கொள்ளாதீர்கள். எப்படி முடிந்தது என்று பார்க்க வேண்டும். ஆள் வராததால் தள்ளுபடி என்றால் அவருக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது, நீங்கள் தாராளமாகப் புரோநோட்டை வைத்து வழக்குப் போடலாம். நான் பார்த்த வரையில் மஞ்சக் கடுதாசிகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் போயின. கடன் கொடுத்தவர்கள் வாசலுக்கு வராமல் நின்றுவிட்டால் கடுதாசி அனுப்பியவருக்கு வேலை முடிந்தது, பிறகு கோர்ட்டுக்கு எதற்கு வருகிறார்? "அட்ஜுடிகேட்டட்" என்றால் திவாலானவராக அறிவித்தாயிற்று. சொத்து சொத்தாட்சியர் கைக்குப் போய்விடும், அதன்பின் கோர்ட் அனுமதி இல்லாமல் தனியாக வழக்குப் போட முடியாது, கடனை நிரூபித்து வரிசையில் நிற்க வேண்டும். "அனல்டு" என்றால் அந்த அறிவிப்பை ரத்து செய்துவிட்டார்கள். "டிஸ்சார்ஜ்" என்றால்தான் பெரும்பாலான கடன்களிலிருந்து விடுதலை. மோசடி செய்து வாங்கிய கடன் அப்போதும் ஒழியாது.

ஒரு வரிப் பலனோடு நின்றுவிடாமல் மனுவின் நகலை வாங்குங்கள். உங்கள் பெயரை எதிர்மனுதாரராகச் சேர்த்திருந்தால் நகல் மனுவும் ஸ்டாம்பும் போதும். சேர்க்காமல் விட்டிருந்தால், என்ன காரணத்துக்காக வேண்டும் என்று ஒரு அஃபிடவிட்டும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். தம்புச் செட்டித் தெருவில் டைப் அடித்துக் கொடுப்பார்கள். நகல் கைக்கு வந்ததும் வாதத்தையெல்லாம் தள்ளி வைத்துவிட்டுப் பின்னால் ஒட்டியிருக்கும் இரண்டு பட்டியலுக்குப் போங்கள். ஒன்று கடன், மற்றது சொத்து.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால் எங்கள் வீட்டுக் கதை. என் அப்பா ஹார்பரில் மூட்டைக் கணக்கு எழுதினவர். 1979-இல் எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக் கடைக்காரருக்கு 3,500 ரூபாய் கொடுத்தார், என் அக்கா கல்யாணத்துக்கு வைத்திருந்த பணம். கொஞ்ச நாளில் மஞ்சக் கடுதாசி வந்தது. அப்பா அதை நாலாக மடித்து டிரங்குப் பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்தார், அவ்வளவுதான். கோர்ட் படி ஏறுவது அவமானம் என்று நினைத்தவர். 1986-இல் நான் குமாஸ்தா வேலைக்குச் சேர்ந்து, சீனியர் மூலமாக அந்தக் கட்டைப் பார்க்க அனுமதி வாங்கினேன். வெள்ளைக் கயிறு கட்டிய கட்டு, அவிழ்த்தால் தும்மல் நிற்கவில்லை. கடன் பட்டியலில் 17-ஆவது வரியில் அப்பா பெயர், கதவு எண், எல்லாம் சரி. தொகை 350 ரூபாய். ஒரு சைபர் காணோம். அதற்கு மேலேயே கடைக்காரரின் மச்சான் பெயரில் 22,000. ஆட்சேபித்தவர் யாரும் இல்லை. கடனை நிரூபித்தவர்களுக்கு ரூபாய்க்கு 11 பைசா வீதம் டிவிடெண்ட் கொடுத்து முடித்திருந்தார்கள். அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை. சைபர் விஷயத்தை மட்டும் அம்மாவிடம் சொன்னேன்.

ஆகவே கடன் பட்டியலில் உங்கள் வரியைப் பாருங்கள், 2,80,000 முழுதும் இருக்கிறதா என்று. நோட்டுக் கணக்கு 80,000-ஐ விழுங்கியிருப்பார்கள், அதுதான் வழக்கம். அந்தக் கணக்கு நோட்டை மீன் தண்ணீர் படாத இடத்தில் வையுங்கள். பிறகு மச்சான், சித்தப்பா, மாமனார் என்று திடீர்க் கடன்காரர்கள் முளைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் ஆட்சேபிக்கலாம். திவாலானவரைக் கூண்டில் ஏற்றி விசாரிக்கும் நாள் ஒன்று உண்டு, கடனை நிரூபிக்க மனு கொடுத்தவர்கள் அன்றைக்குக் கேள்வி கேட்கலாம்.

சொத்துப் பட்டியலில் இருப்பதைவிட இல்லாததுதான் முக்கியம். அவர் வீடு, போட்டில் பங்கு, ஐஸ் பெட்டி வண்டி எதுவெல்லாம் உங்களுக்குத் தெரியுமோ அதை ஒரு தாளில் எழுதி ஒப்பிடுங்கள். வீட்டுக்குப் பத்திரப் பதிவுத் துறை இணையத்தில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். பெண்டாட்டி, பிள்ளை பேருக்கு செட்டில்மென்ட் எழுதியிருந்தால் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். எழுதி 2 வருடத்துக்குள் அவரைத் திவாலானவராக அறிவித்தால், நியாயமான விலை கொடுத்து வாங்காத அந்த மாதிரிக் கைமாற்றங்கள் சொத்தாட்சியரிடம் செல்லாது. அவருக்கு வெளியிலிருந்து வர வேண்டிய பணமும் சொத்துதான். 2024-இல் ஒரு பெரிய சினிமா ரிலீசுக்கு முன்னால் 1 கோடி ரூபாய் கட்டச் சொல்லித் தயாரிப்பாளருக்கு உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டதே, அது திவாலான ஒரு ஃபைனான்சியருக்கு வர வேண்டிய பாக்கிக்காகச் சொத்தாட்சியர் நடத்திய கேஸ். உங்கள் வியாபாரிக்குக் கேரளாவில் பாக்கி இருக்கிறது என்று தெரிந்தால் அதையும் சொல்லுங்கள்.

இவ்வளவும் செய்தால் முழுப் பணமும் வருமா என்று கேட்டால், வராது என்றுதான் தோன்றுகிறது. ஆனால் 3 மாதக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது, நோட்டீசோடு ஒரு சிவில் வக்கீலை இந்த வாரமே பாருங்கள்.

கேள்வி: மணலி பக்கத்தில் ஒரு இன்ஜினீயரிங் கம்பெனியில் ஃபிட்டர். 14 மாதச் சம்பளம் பாக்கி. கம்பெனி "என்.சி.எல்.டி.க்குப் போயிடுச்சு" என்கிறார்கள். யாரைப் பார்ப்பது?
— ஒரு தொழிலாளி, எண்ணூர்

பதில்: தம்பி, கம்பெனி என்றால் கதையே வேறு. இதற்கு 2016 சட்டம். கோர்ட் இல்லை, என்.சி.எல்.டி. என்கிற தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம். பீச் ஸ்டேஷன் பக்கம் ராஜாஜி சாலையில் கார்ப்பரேட் பவனில் இருக்கிறது. ஆனால் நீங்கள் முதலில் அங்கே போக வேண்டாம். ஐ.பி.பி.ஐ. என்ற திவால் வாரியத்தின் இணையத்தில் "பொது அறிவிப்பு" என்ற பகுதியில் கம்பெனி பெயரைப் போடுங்கள். வழக்கு ஏற்கப்பட்டிருந்தால் அறிவிப்பு அங்கே இருக்கும், தமிழ்ப் பேப்பரிலும் வந்திருக்க வேண்டும். அதில் உங்களுக்கு வேண்டியது மூன்றே வரி: கம்பெனியை இப்போது கையில் வைத்திருக்கும் இடைக்கால அதிகாரியின் பெயர், அவருடைய ஈமெயில், உரிமை கோரக் கடைசித் தேதி. அவர் பொறுப்பேற்ற நாளிலிருந்து 14 நாள்தான் அந்தத் தேதி. தாண்டிவிட்டாலும் விட்டுவிடாதீர்கள், வழக்கு ஏற்ற நாளிலிருந்து 90 நாள் வரையாவது கொடுக்கலாம்.

தொழிலாளிக்கு ஃபார்ம் டி. ஃபீஸ் கிடையாது. சம்பளச் சீட்டு, பி.எஃப். கணக்கு, பேங்க் பாஸ்புக் நகலை இணையுங்கள். ஆளுக்கு ஆள் தனித்தனியாக அலையாமல் எல்லோருக்குமாகச் சேர்த்து ஒரு பிரதிநிதியும் கொடுக்கலாம். அனுப்பிய ஈமெயிலை அழித்துவிடாதீர்கள். கம்பெனி மேல் தனி வழக்குப் போடவும் இப்போது தடை இருக்கும், அதனால் லேபர் கோர்ட்டுக்கு ஓடிப் பயனில்லை.

கம்பெனியைக் கலைக்கும் நிலை வந்தால் 24 மாதம் வரையிலான தொழிலாளர் பாக்கி, அடமானம் வாங்கிக்கொண்டு கடன் கொடுத்த பேங்குக்குச் சமமான வரிசையில் நிற்கும். பி.எஃப்., கிராஜுவிட்டி பணம் அந்தப் பங்கீட்டுக் குவியலிலேயே சேராது, அது உங்களுடையது. உங்கள் கம்பெனிக்கு போல்ட்டு நட்டு சப்ளை செய்தவர்தான் பாவம், அவர் வரிசையின் வாலில் இருக்கிறார்.

கேள்வி: பெண்ணுக்கு வரன் வந்திருக்கிறது. மாப்பிள்ளையின் அப்பா ஒரு காலத்தில் ஐ.பி. கொடுத்தவர் என்று தரகர் காதில் போட்டுவிட்டுப் போனார். பார்க்க முடியுமா?
— ஒரு தந்தை, கொருக்குப்பேட்டை

பதில்: முடியும், மேலே காசிமேட்டு அம்மாவுக்குச் சொன்ன அதே தேடல்தான். ஆனால் பெயர் ஒத்துப் போனால் மட்டும் முடிவு கட்டாதீர்கள், தகப்பனார் பெயரும் விலாசமும் ஒத்துப்போக வேண்டும். தப்பான ஆளின் கேஸை வைத்துக் கலைந்த சம்பந்தம் ஒன்றை நானே பார்த்திருக்கிறேன். டிஸ்சார்ஜ் ஆகியிருந்தால் அவர் உங்களையும் என்னையும் போலச் சுதந்திர மனிதர், பழசைக் கிளறுவதில் அர்த்தம் இல்லை. மாப்பிள்ளை தன் கையெழுத்துப் போடாத கடன் அவர் சம்பளத்தையும் தொடாது. டிஸ்சார்ஜ் ஆகாமல் கிடப்பில் இருந்தால் மட்டும் ஒரு சங்கடம்: அப்படிப்பட்டவர் தன் நிலைமையைச் சொல்லாமல் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினாலே குற்றம். இந்தக் காலத்தில் சம்பந்தி இரண்டு டீயும் இரண்டு பஜ்ஜியும் அக்கவுன்ட்டில் சாப்பிட்டாலே ஆகிவிடுகிறது.