பெண் மானைச் சுடச் சொல்கிறதா அரசாங்கம்?
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகன் பென்சில்வேனியாவில் வேலை பார்க்கிறான். கூட வேலை செய்யும் ஒருவர் வருடா வருடம் வேட்டைக்குப் போகிறவராம். இந்த முறை இரண்டு பெண் மான்களைச் சுட்டதாகச் சொல்லி ஒரு பை கறியும் கொடுத்திருக்கிறார். பெண் மானுக்கென்றே அரசாங்கம் தனி அனுமதிச் சீட்டு விற்கிறதாம். கொம்பு வைத்த ஆண் என்றாலாவது போகட்டும் என்று விடலாம், குட்டி போடுகிற ஜீவனைச் சுடச் சொல்வது என்ன நியாயம்? (ஒரு வாசகி, தஞ்சாவூர்)

பதில்: அம்மா, நீங்கள் கேட்ட இதே கேள்வியை அந்த ஊர் வேட்டைக்காரர்களே நூறு வருடமாகக் கேட்டுச் சண்டை போட்டிருக்கிறார்கள், அதனால் தயக்கமே வேண்டாம்.

1900 வாக்கில் அமெரிக்கா முழுக்க வெள்ளைவால் மான் ஐந்து லட்சத்துக்கும் குறைவாகத்தான் மிஞ்சியிருந்தது. சந்தைக்காகச் சுட்டே தீர்த்துவிட்டார்கள். அப்போது பென்சில்வேனியா 1907இல் பெண் மானைத் தொடக்கூடாது என்று சட்டம் போட்டது, அன்றைக்கு அது சரியான சட்டம்தான். மான் பெருகியது. ஆனால் பெருகிய பிறகும் சட்டமும் லேசில் மாறவில்லை, மக்கள் மனசும் மாறவில்லை. ஓநாயையும், மலைச்சிங்கம் எனப்படும் பூமாவையும் அதற்கு முன்பே ஒழித்தாகிவிட்டது. காட்டின் அடிமட்டத்தில் எட்டுகிற இலையையெல்லாம் மான்கள் தின்று தீர்த்தபின் பனிக்காலத்தில் குட்டிகள் பட்டினியில் செத்தன. கடைசியில் 1928இல் அந்த மாநிலம் ஒரு வருடம் ஆண் வேட்டையை மூடிவிட்டு, கொம்பில்லாத மானை மட்டும் சுடலாம் என்றது. ஊரே கொதித்தது.

இதில் கணக்கு ரொம்ப எளிது. ஒரு பேச்சுக்கு, 50 கடாவும் 50 பெண்ணும் உள்ள கூட்டம் என்று வையுங்கள். கடாக்களில் 30ஐச் சுட்டாலும் மிச்சம் 20 போதும், ஒரு கடா பல பெண்களோடு சேரும், அடுத்த வருடம் குட்டி எண்ணிக்கை கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும். நன்றாகத் தின்று வளர்ந்த பெண் மான் பெரும்பாலும் இரட்டைக் குட்டி போடும், தீனி மிகுந்த இடத்தில் பிறந்த குட்டியே ஆறேழு மாதத்தில் சினைப்படுவதும் உண்டு. ஆக, கூட்டம் ஏறுவதும் இறங்குவதும் பெண்ணின் கையில். நம் பழைய தமிழில் ஆணுக்குக் கலை, பெண்ணுக்குப் பிணை என்று தனித்தனிப் பெயர் வைத்திருந்தோம். கலையை எவ்வளவு சுட்டாலும் கணக்கு நகராது, பிணையைத் தொட்டால்தான் நகரும்.

விஸ்கான்சினில் ஆல்டோ லியோபோல்ட் என்ற பேராசிரியர், காட்டுயிர் மேலாண்மை என்ற துறைக்கே அஸ்திவாரம் போட்டவர், இதைச் சொல்லப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டார். 1943இல் அங்கே கொம்பில்லாத மான்களையும் சுட அனுமதித்தபோது அவரைத் திட்டுவதற்கென்றே ஒரு பத்திரிகை நடந்தது. அதே மாநிலத்தில் 1996 முதல் சில பகுதிகளில், முதலில் ஒரு பெண் மானைச் சுட்டுக் காட்டினால்தான் கொம்பு மானைச் சுடலாம் என்று விதி வைத்தார்கள். வேலை செய்த விதி, ஆனால் வேட்டைக்காரர்களுக்கு அறவே பிடிக்கவில்லை, 2011இல் எடுத்துவிட்டார்கள். சுவரில் மாட்ட கொம்புதானே வேண்டும்!

இதற்காக எங்கேயும் எப்போதும் பெண்ணைச் சுட்டுத் தள்ளலாம் என்று அர்த்தம் இல்லை. பென்சில்வேனியாவில் மாநிலத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, எந்தப் பகுதிக்கு எத்தனை சீட்டு என்று வருடா வருடம் முடிவு செய்கிறார்கள். மின்னசோட்டா மாநிலத்தின் வடபகுதியில் கடும் பனிக்காலத்துக்குப் பிறகு சில இடங்களில் ஆண் மட்டும்தான் என்று நிறுத்திய வருடங்களும் உண்டு. எண்ணிப் பார்க்காமல் சுடுவதும் எண்ணிப் பார்க்காமல் காப்பாற்றுவதும் எனக்கு ஒன்றுதான்.

கேள்வி: தாயைச் சுட்டால் குட்டி என்ன ஆகும்? சினையாக இருந்தால்? (கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

பதில்: குட்டிகள் மே, ஜூனில் பிறக்கின்றன. வேட்டைக் காலம் இலையுதிர் காலத்தில்தான். அதற்குள் உடம்பின் புள்ளிகள் மறைந்து, பால்குடி மறந்து, தானே மேயும். தாய் இல்லாவிட்டாலும் பிழைத்துக்கொள்ளும். இங்கிலாந்திலும் இதே காரணத்துக்காகத்தான் பெண் மான் வேட்டையை நவம்பர் 1இல்தான் திறக்கிறார்கள்.

சினை விஷயத்தில் மழுப்ப விரும்பவில்லை. வடக்கு மாநிலங்களில் மான்கள் நவம்பர் நடுவில் இணைசேரும், சுமார் 200 நாள் சுமக்கும். நவம்பர் கடைசியிலோ டிசம்பரிலோ சுடப்படும் பெண் மான் பெரும்பாலும் சினைதான், கரு மிகச் சின்னதாக இருக்கும், அவ்வளவே. இது மனசுக்கு ஒப்பாதவர்கள் அக்டோபரிலேயே போய்விடுகிறார்கள்.

இன்னொரு தவறு அடிக்கடி நடக்கும். இளம் கடாவுக்குக் கொம்பு முளைத்திருக்காது, நெற்றியில் இரண்டு புடைப்பு மட்டும் இருக்கும், தூரத்திலிருந்து பார்த்தால் பெண் மாதிரியே தெரியும். தனியாக வரும் சின்ன மானைச் சுடாதே, நாலைந்து சேர்ந்து நிற்கும்போது அளவை ஒப்பிட்டுப் பெரியதைப் பார் என்று அனுபவசாலிகள் சொல்வது அதனால்தான்.

கேள்வி: நம் ஊரிலும் மானும் பன்றியும் பயிரை அழிக்கின்றன. இங்கேயும் இப்படிச் சீட்டு கொடுத்தால் என்ன? (விவசாயி, ஈரோடு மாவட்டம்)

பதில்: உங்கள் நஷ்டம் உண்மை. ஆனால் இங்கே 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம், விளையாட்டுக்குக்கூட முயற்சி செய்துவிடாதீர்கள். தவிர, நம் காட்டில் புலி, சிறுத்தை, செந்நாய் எல்லாம் இன்னும் மானை நம்பித்தான் இருக்கின்றன. பென்சில்வேனியாவில் வளர்ந்த மானை அடிக்க அப்படி எதுவும் மிச்சமில்லை, கரடியும், கொயோட்டி என்ற ஓநாய் இனத்துச் சின்ன விலங்கும் பெரும்பாலும் குட்டியைத்தான் தூக்கும். அந்த ஊர் மருந்தை இந்த ஊர் நோய்க்குக் கொடுக்க முடியாது.

கேள்வி: அக்கம்பக்கத்து அமெரிக்கர் மான்கறி கொடுத்தார், குளிர்பெட்டியில் கிடக்கிறது. பயமில்லாமல் சமைக்கலாமா? (ஒரு குடும்பத் தலைவி, மிச்சிகன்)

பதில்: சமைக்கலாம், ஆனால் முதலில் கொடுத்தவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்.

மானுக்கு நோய்ப் பரிசோதனை செய்தாரா? மான்களின் மூளையை அரிக்கும் ஒரு நோய் பல மாநிலங்களில் பரவியிருக்கிறது, உங்கள் மாநிலத்திலும் உண்டு. மனிதருக்கு வந்ததாக இதுவரை உறுதியாகவில்லை. ஆனால் அதை உண்டாக்குவது கிருமி அல்ல, உருமாறிய ஒரு புரதம், வேகவைத்தாலும் அழியாது, அதனால் நோய் இருப்பதாக வந்த மானைச் சாப்பிட வேண்டாம் என்பதே அந்நாட்டு நோய்த் தடுப்பு மையத்தின் அறிவுரை. அடுத்தது, ஈயக் குண்டா, செம்புக் குண்டா? ஈயம் உடைந்து பொடிப்பொடியாகக் கறிக்குள் போகும், கண்ணுக்குத் தெரியாது. 2008இல் வடக்கு டகோட்டாவில் ஏழைகளுக்குத் தானமாக வந்த மான்கறியில் ஈயம் இருந்ததால் அதை வீசச் சொன்னார்கள். ஈயக் குண்டு என்றால் சின்னக் குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் கொடுக்காதீர்கள், அதிலும் கொத்துக்கறி கூடவே கூடாது.

சரி, இரண்டுக்கும் நல்ல பதில் வந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம்தான், ஏனென்றால் அங்கே காட்டு மான்கறியைக் கடையில் விற்கக்கூடாது, காசு கொடுத்தாலும் கிடைக்காது. இணைசேரும் பருவத்துக் கிழட்டுக் கடாவைவிடப் பெண் மானின் கறி மிருதுவானது, வாடையும் குறைவு. மேலே ஒட்டியிருக்கும் வெள்ளைக் கொழுப்பைச் சுத்தமாக வழித்துவிடுங்கள், அது மெழுகு மாதிரி வாயில் அப்பிக்கொள்ளும், கவிச்சியும் அதில்தான். முதுகெலும்பை ஒட்டிய நீளத் துண்டை ஆட்டுக்கறி நினைப்பில் குக்கரில் போட்டு எட்டு விசில் விட்டால் நார்தான் மிஞ்சும். அதை மெல்லிசாக வெட்டி, நல்லெண்ணெய் கொஞ்சம் தாராளமாக விட்டு மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு வேகமாக வதக்கி எடுங்கள். தொடையும் சப்பையும் குழம்புக்கு. கொத்துக்கறியில் கொழுப்பே இருக்காது, கோலா உருண்டை பிடிக்கும்போது உதிரும், அதனால் பொட்டுக்கடலை மாவை வழக்கத்தைவிட ஒரு கை கூடுதலாகச் சேருங்கள்.