ககாரின் எங்கே இறங்கினார்?

அன்புள்ள ஐயா,

முதன்முதலாக விண்வெளிக்குப் போன ககாரினைப் பற்றிய உங்கள் கட்டுரையில் "108 நிமிடம் கழித்துக் கலத்தோடு பத்திரமாகத் தரையிறங்கினார்" என்று எழுதியிருந்தீர்கள். அவர் நடுவானிலேயே கலத்தை விட்டு வெளியேறி, பாராசூட்டில் தனியாக இறங்கினார் என்று வேறோரிடத்தில் படித்தேன். அப்படி இறங்கினால் சாதனை செல்லாது என்று அப்போது விதி இருந்ததாமே? அந்த விதியை எழுதியது யார்? சாதனை என்று அரசாங்கம் சொல்வதை வாங்கி எழுதிவைக்க ஒரு சங்கம் எதற்கு?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் சொல்வதுதான் சரி. தப்பு என்னுடையது.

1961 ஏப்ரல் 12 அன்று வோஸ்டாக் கலம் பூமிக்குத் திரும்பியபோது, ஏறத்தாழ 7 கிலோமீட்டர் உயரத்தில் ககாரின் இருக்கையோடு வெளியே வீசப்பட்டார். விபத்தல்ல, திட்டமே அதுதான். உள்ளே ஆள் இருந்தால் அடிபடும் வேகத்தில்தான் அந்தக் கலம் தரையில் மோதும். தரையைத் தொடும் நேரத்தில் வேகத்தைக் குறைக்கும் ராக்கெட் அதில் கிடையாது. ஆகவே உருண்டைக் கலம் ஒரு பக்கம் விழுந்தது, ககாரின் ரஷ்யாவின் சரத்தோவ் பக்கம் ஒரு வயலில் இறங்கினார். உருளைக்கிழங்கு நட்டுக்கொண்டிருந்த ஒரு பாட்டியும் பேத்தியும்தான் முதலில் பார்த்தார்கள். ஆரஞ்சு உடையும் வெள்ளைத் தலைக்கவசமுமாக ஒருவர் நடந்து வந்தால் யாருக்குத்தான் பயம் வராது?

இனி விதி. 1905-ல் பாரிஸில் தொடங்கிய சர்வதேச வானூர்திக் கூட்டமைப்பு, சுருக்கமாக எஃப்.ஏ.ஐ., பலூன் காலத்திலிருந்தே பறத்தல் சாதனைகளைப் பதிந்துவருகிறது. பறப்பதை அது விளையாட்டாகத்தான் கணக்கில் எடுத்துக்கொண்டது. அதனால் சோவியத் தரப்பில் படிவத்தில் கையெழுத்துப் போட்டவரின் பதவிப் பெயரே 'விளையாட்டு ஆணையர்'! விமானி தன் ஊர்தியிலேயே தரையிறங்க வேண்டும் என்பது விமானங்களுக்காக எழுதிய விதி. அதில் நியாயமும் உண்டு. இல்லாவிட்டால் எவனாவது எட்டும் உயரம்வரை ஏறிவிட்டு, திரும்புவதைப் பற்றிக் கவலைப்படாமல் உயிரைப் பணயம் வைப்பான். அந்த விதியை அப்படியே விண்வெளிக்கும் வைத்துவிட்டார்கள்.

சோவியத் தரப்பு பாராசூட் விஷயத்தை மூடி மறைத்தது. எஃப்.ஏ.ஐ. 327 கிலோமீட்டர் உயரத்தைச் சாதனையாக ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் விண்வெளிக்குப் போய்வந்த சோவியத் வீரர் தித்தோவ், தான் வெளியே குதித்துத்தான் இறங்கியதாகச் சொன்னபோது குட்டு பாதி உடைந்தது. கூட்டமைப்பு என்ன செய்தது? சாதனையை நீக்கவில்லை, விதியை மாற்றியது. மனிதர் ஏறினார், சுற்றினார், உயிரோடு திரும்பினார், அது போதும் என்றது. எனக்கு இதில் குறை தெரியவில்லை. விமானத்துக்குத் தைத்த சட்டையை ராக்கெட்டுக்குப் போட்டுப் பார்த்தார்கள், பொருந்தவில்லை.

எனக்கு உறுத்துவது இன்னொரு பொய். ஏவுதளம் 'பைக்கனூர்' என்று அறிவித்தார்கள். உண்மையில் ராக்கெட் கிளம்பியது கஜகஸ்தானில் சிர் தாரியா ஆற்றங்கரையில், தியூராத்தாம் என்ற ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில். பைக்கனூர் என்ற பழைய ஊர் அங்கிருந்து 300 கிலோமீட்டருக்கும் அப்பால். எதிரி குழம்பட்டும் என்று வைத்த பெயர் அது.

சங்கம் எதற்கு என்று கேட்டீர்கள். அரசாங்கங்கள் இந்தப் பக்கம் எட்டிப்பார்க்கும் முன்பே சங்கங்கள் வந்துவிட்டன. பிரிட்டனின் வானூர்திச் சங்கம் தொடங்கியது 1866-ல், ரைட் சகோதரர்கள் பறப்பதற்கு 37 ஆண்டு முன்பு. 1930-ல் நியூயார்க்கில் அறிவியல் கதை எழுதுகிறவர்கள் சேர்ந்து 'அமெரிக்கக் கோளிடைச் சங்கம்' தொடங்கினார்கள். கோளிடை என்றால் கோள்களுக்கு இடையே பயணம். அந்தப் பெயரைக் கேட்டால் பொறியாளர்கள் சிரிப்பார்கள் என்று நான்கே ஆண்டில் 'ராக்கெட் சங்கம்' என்று மாற்றிக்கொண்டார்கள். அதுதான் 1963-ல் விமானப் பொறியாளர்களின் சங்கத்தோடு இணைந்து இன்றைய ஏ.ஐ.ஏ.ஏ. என்ற அமெரிக்க வானூர்தி, விண்வெளிப் பொறியாளர் சங்கம் ஆனது. 1933-ல் லிவர்பூலில் தொடங்கிய பிரிட்டிஷ் கோளிடைச் சங்கத்தின் பாடு இன்னும் வேடிக்கை. 1875-ன் வெடிபொருள் சட்டத்தால் அவர்கள் ராக்கெட்டைத் தொடவே முடியாது. சரி, காகிதத்திலாவது செய்வோம் என்று நிலவுக்குப் போகும் கலத்தை வரைந்து தங்கள் இதழில் போட்டார்கள். பெயரையும் விட்டுக்கொடுக்கவில்லை, இன்றும் கோளிடைச் சங்கம்தான்.

அரசாங்கம் சொல்வதை வாங்கி எழுதுவது மட்டும்தான் பதிவு என்றால் உங்கள் சந்தேகம் நியாயம். ஆனால் அரசாங்கம் வாயே திறக்காததையும் எழுதியவர்கள் உண்டு. இங்கிலாந்தில் கெட்டரிங் என்ற ஊர்ப் பள்ளியில் ஜெஃப்ரி பெரி என்று ஓர் இயற்பியல் ஆசிரியர். மாணவர்களோடு ஒரு வானொலிப் பெட்டியை வைத்துக்கொண்டு சோவியத் செயற்கைக்கோள்களின் சமிக்ஞைகளைக் கேட்பார். எத்தனை மணிக்குக் கேட்டது, எப்போது மறைந்தது, எல்லாம் நோட்டுப்புத்தகத்தில். 1966 மார்ச்சில் கிளம்பிய காஸ்மோஸ் 112 என்ற செயற்கைக்கோளின் பாதை மட்டும் தியூராத்தாமோடு ஒட்டவில்லை. எந்தச் செயற்கைக்கோளும் தன் முதல் சுற்றில் கிளம்பிய இடத்தின் மேல் போயிருக்கத்தானே வேண்டும்? அப்புறம் பூமத்திய ரேகைக்கு வேறு சாய்வில் போன செயற்கைக்கோள்களின் பாதைகளையும் பின்னோக்கிக் கணக்கிட்டு வரைபடத்தில் போட்டார்கள். கோடுகள் வெட்டிக்கொண்ட இடம் ரஷ்யாவின் வடக்கே, பிளெசெட்ஸ்க் பக்கம். ரகசிய ஏவுதளம்! அப்படி ஓர் இடம் இருப்பதை மாஸ்கோ ஒப்புக்கொண்டது 1983-ல்.

இதனால் அதிகாரப் பதிவேடுகள் மட்டம் என்று ஆகிவிடாது. ஆனால் ஏட்டில் ஏறுவது சில சமயம் ஆளுடைய பதவியைப் பொறுத்தது. அமெரிக்காவின் எக்ஸ்-15 ராக்கெட் விமானத்தில் ராபர்ட் ஒயிட் 1962-ல் ஏறக்குறைய 96 கிலோமீட்டர் ஏறினார். விமானப்படை அதிகாரி என்பதால் விண்வெளி வீரர் சின்னம் கிடைத்தது. அமெரிக்க விமானப்படைக்கு விண்வெளி தொடங்கும் எல்லை 50 மைல், அதாவது 80 கிலோமீட்டர். அடுத்த ஆண்டு அதே ரக விமானத்தில் ஜோ வாக்கர் 100 கிலோமீட்டரை இரண்டு முறை தாண்டினார், ஒரு தடவை 108 வரை போனார். எஃப்.ஏ.ஐ. வைத்திருக்கும் எல்லையே 100 தான். ஆனால் அவர் நாசாவின் சிவிலியன் விமானி, சின்னம் இல்லை. 1966-ல் வானிலேயே இறந்தார். சின்னம் வந்தது 2005-ல், அவர் குடும்பத்துக்கு.

கட்டுரையில் 'கலத்தோடு' என்ற சொல்லை எடுத்துவிட்டேன். 'பைக்கனூர்' என்றிருந்ததைத் தியூராத்தாம் என்று மாற்றலாமா என்றும் யோசித்தேன். 1995-ல் அந்த ஏவுதள நகரத்துக்கே பைக்கனூர் என்று பெயர் வைத்துவிட்டார்கள், அதனால் அந்த வரியை அப்படியே விட்டிருக்கிறேன்.