கடைசி வரியில் எழுதியதுதான் முதல் பிரச்சினை

கேள்வி: எனக்கு 20 வயது, சென்னையில் கல்லூரியில் படிக்கிறேன். 54 கிலோ பிரிவில் பாக்ஸிங் ஆடுகிறேன். ஒரு வருஷமாக ஜவுளி விளம்பரங்களுக்கு மாடலிங்கும் செய்கிறேன். சாதாரண நாளில் என் எடை 58. போட்டிக்கு முன்னால் நான்கே நாளில் குறைத்துவிடுவேன். ஷூட்டிங்கில் கையில் தசை தெரிகிறது, இன்னும் மெலிய வேண்டும் என்கிறார்கள். காலையில் இரண்டு இட்லி, மதியம் வெள்ளரிக்காய், இரண்டு முட்டை வெள்ளைக்கரு, ராத்திரி ஒரு கிண்ணம் ஓட்ஸ், அவ்வளவுதான் சாப்பிடுகிறேன். வேகமாக எடை குறைக்க நல்ல வழி உண்டா? லேசாக வளைந்திருக்கும் மூக்கை இப்போதே ஆபரேஷன் செய்து நேராக்கலாமா? நான்கு மாதமாகப் பீரியட்ஸ் வரவில்லை, கடுமையாகப் பயிற்சி செய்தால் அப்படித்தான் என்கிறார்கள் தோழிகள்.

பதில்: மூக்கைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். போகிற போக்கில் கடைசியாக எழுதினீர்களே, நான்கு மாதமாகப் பீரியட்ஸ் வரவில்லை என்று, அதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. விளையாட்டுப் பெண்களுக்கு இது சகஜம் என்று பயிற்சிக் கூடங்களில் பல வருஷமாகச் சொல்லிவருகிறார்கள். தவறு. மூன்று மாதம் தொடர்ந்து வராவிட்டாலே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

நீங்கள் எழுதியிருக்கும் சாப்பாட்டைக் கூட்டிப் பார்த்தேன், அறுநூறு, எழுநூறு கலோரி தேறினால் அதிகம். 58 கிலோவில் கொழுப்பைக் கழித்தால் சுமார் 45 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பயிற்சியில் எரிப்பது போக, அந்த ஒவ்வொரு கிலோவுக்கும் தினம் 45 கலோரி மிஞ்சுவது நல்லது, 30-க்குக் கீழே போனால் உடம்பு சிக்கனம் பிடிக்கத் தொடங்கும். தினம் இரண்டு மணி நேரப் பயிற்சி என்று வைத்து அதையும் சேர்த்தால் உங்களுக்கு நாளுக்கு 2,500 கலோரிக்கு மேல் வேண்டியிருக்கும். அதில் கால்வாசிதான் உள்ளே போகிறது.

உயிர் பிழைக்க உடனே தேவைப்படாத வேலைகளை மூளை ஒவ்வொன்றாக நிறுத்தும், சினைப்பைக்கான சிக்னல் முதலில் நிற்பவற்றில் ஒன்று. அதனால் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் இறங்கினால் எலும்பும் மெலியும், அதுவும் எலும்பு தன் முழு பலத்தைச் சேர்த்துக்கொண்டிருக்கும் இந்த வயதில். பையை ஓங்கிக் குத்தும் கையெலும்புக்கும், தினம் ஓடும் காலெலும்புக்கும் அது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-லேயே இதற்கு ரெட்-எஸ் என்று பெயர் வைத்து, விளையாட்டு வீரர்களுக்கு ஆற்றல் பற்றாக்குறையால் வரும் பிரச்சினை என்று எச்சரித்துவிட்டது.

இந்த வாரமே ஒரு மகளிர் மருத்துவரைப் பாருங்கள். முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்வார்கள், எல்லோருக்கும் செய்வதுதான், சங்கடப்பட வேண்டாம்மா. அப்புறம் தைராய்டு, புரோலாக்டின், மற்ற ஹார்மோன்கள், ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு இருப்பில் இருக்கிறது என்று காட்டுவது), வைட்டமின் டி, தேவைப்பட்டால் ஸ்கேன். யாராவது கருத்தடை மாத்திரை கொடுத்து ரத்தப்போக்கை வரவைத்தால் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். மாத்திரையால் வரும் அந்த ரத்தப்போக்கு, ஆற்றல் பற்றாக்குறையை மூடி மறைக்கும், சரி செய்யாது.

எடைக்கு வருவோம். நான்கு நாளில் நான்கு கிலோ இறங்குகிறது என்றால் அதில் பெரும்பகுதி தண்ணீர்தான். பிளாஸ்டிக் ஜாக்கெட் போட்டுக்கொண்டு வெயிலில் ஓடி, வாயைக் கொப்பளித்துத் துப்பி, நாக்கு ஒட்டிக்கொள்ளும் நிலையில் தராசில் ஏறுகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அமெச்சூர் பாக்ஸிங்கில் காலையில் எடை பார்த்து அன்றே மோத வேண்டும், இழந்த தண்ணீரை அந்தச் சில மணி நேரத்தில் முழுதாக மீட்க முடியாது, அந்த நிலையில் தலையில் அடி வாங்குவதை நினைத்தாலே பயமாக இருக்கிறது. சிறுநீரை அதிகமாக வெளியேற்றும் தண்ணீர் மாத்திரையைத் தொடவே கூடாது, ஃபுரோஸமைடு போன்றவை ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் எப்போதும் இருப்பவை, பிடிபட்டால் தடை விழும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகட் ராத்திரி முழுக்கப் போராடியும் 100 கிராம் கூடுதலாக இருந்து இறுதிச் சுற்றை இழந்ததை எல்லோரும் பார்த்தோம். பிரிவை விடாப்பிடியாகக் கீழே வைத்துக்கொள்வது எவ்வளவு பெரிய சூதாட்டம்!

57 கிலோ பிரிவு இருக்கிறதே, அதற்கு மாறுங்கள். கோச்சிடம் இந்தப் பதிலையே காட்டலாம்.

கையில் தசை தெரிவது குறையல்ல, உங்கள் உழைப்பு. டோக்கியோ ஒலிம்பிக்கில் சோமாலியாவுக்காகக் குத்துச்சண்டை ஆடிய ரம்லா அலி பெரிய ஃபேஷன் நிறுவனங்களுக்கு மாடலாகவும் இருக்கிறார், அந்தத் தோள்களோடுதான். இரண்டையும் செய்யலாம். ஆனால் ஷூட்டிங் நாளில் பட்டினி, போட்டி வாரத்தில் பட்டினி என்று இரண்டு பக்கமும் சாப்பாட்டைப் பிடுங்கினால் எதுவும் நிற்காது. ஷூட்டிங் பையில் வேர்க்கடலை, வாழைப்பழம், தயிர் சாதம் இருக்கட்டும்.

மூக்கு: மூச்சுவிடச் சிரமம் இல்லை என்றால் இப்போது ஆபரேஷன் வேண்டாம். நேராக்கிய மூக்கில் மறுபடி ஒரு குத்து விழுந்தால் எல்லாம் வீண், ரிங்கை விட்ட பிறகு செய்துகொள்ளுங்கள். ஆனால் அடி வாங்கிய பிறகு மூக்கு முழுசாக அடைத்துக்கொண்டு, உள்ளே நடுச்சுவரில் மெத்தென்று வீங்கியிருந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று தூங்கிவிடாதீர்கள். அங்கே ரத்தம் கட்டியிருந்தால் சில நாளிலேயே குருத்தெலும்பு செத்து மூக்குத்தண்டு அமுங்கிவிடும். அன்றைக்கே, ராத்திரியானாலும், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய் அதை வடித்துவிட வேண்டும்.