ஜி.யு.இ. (குளோபல் அண்டர்வாட்டர் எக்ஸ்ப்ளோரர்ஸ் என்ற டைவிங் அமைப்பு) நடத்தும் ஃபண்டமென்டல்ஸ் டைவிங் பயிற்சியில் தேறாவிட்டால் என்ன ஆகும்?

அடுத்த மாதம் பயிற்சி, தோற்றுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது எனக் கேட்டிருக்கிறீர்கள். இதில் தேர்ச்சிக்கும் தோல்விக்கும் நடுவே 'புரொவிஷனல்' (தற்காலிகம்) என்றொரு முடிவும் உண்டு. குறையைச் சரிசெய்துகொண்டு 6 மாதங்களுக்குள் மறுமதிப்பீட்டுக்குப் போகலாம். அதில் அவமானம் எதுவுமில்லை.

பலர் தடுமாறுவது நீருக்குள் மிதப்பைக் கட்டுப்படுத்துவதில்தான். முகமூடியைக் கழற்றி மாட்டும்போதும், துணைக்கு வருபவருக்குக் காற்று கொடுக்கும்போதும் உடல் கிடைமட்டமாக, அதே ஆழத்தில் நிற்க வேண்டும். பதற்றத்தில் மூச்சை நிறைய இழுத்து, முழுதாக வெளியே விடாமல் இருந்தால் நுரையீரல் உப்பியே இருக்கும். நீங்கள் மேலே போய்விடுவீர்கள். எனவே முதலில் மூச்சு சீராகட்டும், அப்புறம் கைவேலை. மூச்சை அடக்க மட்டும் வேண்டாம், அது ஆபத்து.

காலில் மாட்டும் துடுப்பால் உதைத்துப் பின்னோக்கி நகர்வதை இப்போதே நீச்சல் குளத்தில் பழக ஆரம்பியுங்கள். அது ஓரிரு நாளில் வராது. உங்கள் பயத்தைப் பயிற்றுநரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.