பருவகாலப் பண்ணைத் தொழிலாளர்களுக்குத் தற்காலிகக் குடியிருப்பு: கேள்வி பதில்

அறுவடைக்கு 20 பேர் வந்து தங்குவார்கள். ஒரே பெரிய கூடமாகக் கட்டினால் செலவு குறையுமே?

குறையும். ஆனால் ஒருவர் விடிய விடிய இருமினால் இருபது பேருக்கும் தூக்கம் போய்விடும். காய்ச்சலும் அப்படித்தான் பரவும். அறைக்கு நால்வர் வீதம் ஐந்து அறைகளாகப் பிரியுங்கள். அமெரிக்காவின் தொழிலாளர் முகாம் விதி தலைக்கு 50 சதுர அடி, 7 அடி கூரை உயரம், கட்டில்களுக்கு நடுவே 3 அடி என்கிறது. 12க்கு 18 அடி அறை நால்வருக்குப் போதும். எதிரெதிர்ச் சுவர்களில் சுவருக்கொன்றாக 11 சதுர அடி சன்னல் வையுங்கள். ஒரே சுவரில் இரண்டையும் வைத்தால் காற்று உள்ளே வரும், வெளியேற வழி இருக்காது. அடுக்குக் கட்டில் எனக்கு உடன்பாடில்லை: மேலே படுப்பவர் கூரைச் சூட்டிலேயே கிடப்பார். ஒவ்வொருவருக்கும் பூட்டக்கூடிய அலமாரி, தலைமாட்டில் விளக்கு, சார்ஜ் போட ஒரு பிளக். அலமாரிச் சாவி தங்குபவரிடம் மட்டுமே இருக்க வேண்டும்.

பழைய கன்டெய்னர் வாங்கிப் போட்டால்?

20 அடி கன்டெய்னரின் உள்ளளவு ஏறத்தாழ 5.9 மீட்டருக்கு 2.35 மீட்டர். வெப்பத் தடுப்புக்குச் சுவருக்கு 10 செ.மீ. விட்டால் மிஞ்சுவது சுமார் 12 சதுர மீட்டர். அது இருவருக்கான இடம்தான்; நால்வரை அடைப்பதுதான் வழக்கமான தவறு. சன்னலுக்கு வெட்டும்போது நெளிவுத் தகடு வலுவிழக்கும், அதனால் திறப்பைச் சுற்றி இரும்புச் சட்டம் பற்றவையுங்கள். தரைப் பலகையில் பூச்சிமருந்து ஏற்றியிருப்பார்கள். கதவிலுள்ள தகட்டில் அந்த விவரம் இருக்கிறதா பாருங்கள். எப்படியானாலும் பலகையைக் கழற்றிவிட்டுப் புதிது போடுவதே நல்லது.

தகரக் கூரை பகலில் கொதிக்கிறது, விடியற்காலையில் சொட்டுகிறது. ஓட்டையும் இல்லை.

சொட்டுவது உள்ளே தூங்குபவர்களின் மூச்சு ஈரம். இரவில் குளிர்ந்த தகட்டில் பட்டு அது நீராகிறது. இரண்டு தொல்லைக்கும் மருந்து ஒன்றே: தகட்டுக்குக் கீழே 15 செ.மீ. இடைவெளி விட்டு உள்கூரை போட்டு, இறவாரத்திலும் முகட்டிலும் அந்த இடைவெளியைத் திறந்து, வலை அடியுங்கள். எலி வருமென்று ஓரங்களை அடைத்துவிட்டால் காற்று ஓடாது, போட்டது வீண். தகட்டின் மேல்புறம் வெள்ளை பூசுங்கள்.

இலேசான கட்டடம். புயல் வந்தால் நிற்குமா?

கூரை கீழே விழுவதைவிட மேலே பறப்பதுதான் அதிகம். மணிக்கு 140 கி.மீ. காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 90 கிலோ. 12க்கு 18 அடிக் கூரையை அதே அளவில் இழுத்தால் ஏறத்தாழ 1.8 டன், இறவாரம் நீண்டால் இன்னும் கூடும். எட்டுத் தூண், ஒவ்வொன்றின் அடியிலும் 50 செ.மீ. கனசதுரக் கான்கிரீட் கட்டை (300 கிலோ) என்றால் மொத்தம் 2.4 டன். தூணைக் கட்டைக்குள் புதைக்காமல் அடித்தகடு வைத்து போல்ட் போடுங்கள். பருவம் முடிந்ததும் கழற்றலாம். நான்கு சுவரிலும் குறுக்குச் சட்டம் கட்டாயம். காற்று வேகம் இடத்துக்கு இடம் மாறும், கணக்கை ஒரு பொறியாளரிடம் சரிபாருங்கள்.

15 பேருக்கு ஒரு கழிவறை என்றால் அந்த அமெரிக்க விதிப்படி சரிதானே?

விதிப்படி சரி, விடியற்காலையில் தவறு. எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்புகிறார்கள். முக்கால் மணி நேரத்தில் ஒரு கழிவறையில் ஆறேழு பேர்தான் போய்வர முடியும். 20 பேருக்கு மூன்று வேண்டும். பெண்கள் இருந்தால் அவர்களுக்கு வேறாக, வழியும் வேறாக, இரவெல்லாம் விளக்கோடு. உள்தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். குழிக் கழிவறையானால் கிணற்றிலிருந்து 30 மீட்டர் தள்ளி, குழியின் அடி நிலத்தடி நீர்மட்டத்துக்கு 1.5 மீட்டர் மேலே.

மருந்து தெளித்துவிட்டு வருபவர்களின் துணிகள்?

குளியலறைகளைப் படுக்கையறைக்கு முன்பே வையுங்கள். வயலிலிருந்து வந்தவுடன் செருப்பும் வேலைத் துணியும் வெளிக்கொட்டிலில் கழற்றி, குளித்துவிட்டு உள்ளே நுழையும்படி பாதை அமையட்டும். அந்தத் துணிக்குத் தனித் தொட்டி. வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைத்தால் மருந்து அதிலும் ஏறும். குழந்தைகள் தங்கினால் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

பருவத்துக்குப் பருவம் பூட்டிக்கிடக்கும் தண்ணீர்த் தொட்டியை அப்படியே நிரப்பலாமா?

கூடாது. கசடைக் கழுவிவிட்டு, 1000 லிட்டருக்கு 150 கிராம் வீதம் 33 சதவீதக் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி நிரப்புங்கள். எல்லாக் குழாயிலும் வாடை வரும்வரை திறந்துவிட்டு மூடி, ஓர் இரவு விட்டு, முழுவதையும் வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் பிடியுங்கள்.