மையர் என்ற ஜெர்மன் குடும்பப் பெயர் எங்கிருந்து வந்தது? அந்தப் பெயருள்ளவர்கள் எல்லாரும் ஒரே வம்சமா?

ஒரே வம்சம் இல்லை. இது ஒரு பொறுப்பின் பெயர்.

மூலச்சொல் லத்தீனில் 'மாயோர்', அதாவது பெரியவர். இடைக்காலத்தில் பிரபுவுக்கோ மடத்துக்கோ சொந்தமான பண்ணையைப் பார்த்துக்கொண்டு, குடியானவர்களிடம் வர வேண்டியதை வசூலித்துக் கொடுத்தவர்தான் மையர். தமிழில் மணியக்காரர் என்றால் ஏறக்குறைய பொருந்தும். பின்னாளில், வடக்கே, அப்படிப்பட்ட பண்ணையைக் குத்தகைக்கு எடுத்து நடத்திய பெரிய விவசாயியும் மையர் ஆனார். நம் மாநகராட்சி 'மேயர்' கூட அதே லத்தீன் சொல், ஆங்கிலம் வழியாக நம்மிடம் வந்தது.

பண்ணைக்குப் பண்ணை ஒரு மையர் இருந்ததால் அடையாளம் தேவைப்பட்டது. மேட்டுப் பண்ணைக்காரர் ஓபர்மையர், பள்ளத்துப் பண்ணைக்காரர் நீடர்மையர்.

வடக்கே ஹனோவர் பக்கம் நான் குடியிருந்த வீட்டின் அழைப்பு மணிப் பலகையில் இரண்டு மையர் இருந்தார்கள். ஒருவர் எழுதியது 'ஈ-ஒய்' (Meyer), மற்றவர் 'ஏ-ஐ' (Maier). உச்சரிப்பு ஒன்றே. தபால் மாறி விழும்போதெல்லாம் யாராவது ஒருவர் கடிதத்தோடு படியேறி வருவார். 'ஏ-ஐ'க்காரர் தெற்கே ஸ்டுட்கார்ட் பக்கத்தவர். வடக்கே 'ஈ-ஒய்' அதிகம், தெற்கே 'ஏ' போட்டு எழுதுவது அதிகம். வடக்கே ஃபாரலில் 1830-இல் பிறந்த வேதியியலாளர் லோதர் மையர் 'ஈ-ஒய்'. ஆற்றல் அழிவின்மையைச் சொன்ன ராபர்ட் மையர் 1814-இல் தெற்கே ஹைல்பிரானில் பிறந்தவர், அவர் 'ஏ-ஒய்' (Mayer).

முன்பெல்லாம் பாதிரியார் காதில் விழுந்ததைத் தேவாலயப் பதிவேட்டில் எழுதினார். ஒரே ஆளுக்கு ஞானஸ்நானத்தில் ஓர் எழுத்து, கல்யாணத்தில் வேறு எழுத்து என்பதெல்லாம் சகஜம். 1876 ஜனவரி 1 முதல் ஜெர்மன் பேரரசு முழுவதும் அரசுப் பதிவு அலுவலகங்கள் வந்த பிறகுதான் எழுத்து உறுதிப்பட்டது.

யூதக் குடும்பங்களில் இந்தப் பெயர் வேறு வழியிலும் வந்தது. 'மெயிர்' என்ற எபிரேயப் பெயருக்கு ஒளி தருபவர் என்று பொருள். ஆஸ்திரியாவில் 1787-இலும் பிரஷ்யாவில் 1812-இலும் யூதர்கள் நிலையான குடும்பப் பெயர் வைத்தாக வேண்டும் என்று சட்டம் வந்தபோது, ஏற்கெனவே வீட்டில் புழங்கிய மெயிர் பலருக்கு மையராக அமைந்துவிட்டது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, வடமேற்கு ஜெர்மனியில் உள்ள வெஸ்ட்ஃபாலியா பகுதியின் வழக்கம். அங்கே பெயர் பண்ணையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஆண் வாரிசு இல்லாத மையர் பண்ணைக்கு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவர், தன் அப்பாவின் பெயரை விட்டுவிட்டு மையர் ஆகிவிடுவார். பிள்ளைகளும் மையர்தான். விதவையான பண்ணைக்காரி மறுமணம் செய்தால் புதுக் கணவருக்கும் அதே கதை. சில ஆவணங்களில் பழைய பெயரையும் எழுதி, 'என்று அழைக்கப்படும்' என்ற பொருளில் 'கெனான்ட்' போட்டு, பண்ணைப் பெயரைச் சேர்த்திருப்பார்கள்.

அதனால் அந்தப் பகுதியில் ஒரு மையர் குடும்பத்தைத் தேடுகிறவர்கள் பெயரைப் பின்தொடர வேண்டாம். முதலில் பண்ணை எது என்று கண்டுபிடியுங்கள். அப்புறம் அந்த ஊர்த் தேவாலயப் பதிவேட்டில் எல்லா எழுத்து வடிவத்தையும் பாருங்கள், முக்கியமாகக் கல்யாணப் பக்கங்களை. மாப்பிள்ளை பெயர் மாறியிருந்தால் அதில்தான் தெரியும்.