வீட்டுத் தோட்டத்தில் தீனி வைத்தால் என்னென்ன பறவைகள் வரும்? தீனிப்பெட்டி வாங்கித் தொங்கவிடலாமா?

தீனிப்பெட்டி வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். நான் வாங்கினேன். நாலு வருஷத்துக்கு முன்னால் திருநெல்வேலி மாவட்டத்துக் கல்லிடைக்குறிச்சிக்கு வீடு மாறி வந்த புதிதில், வெளிநாட்டு வீடியோக்களில் நீளக் குழாய்க்குள் விதையை நிரப்பித் தொங்கவிடுவார்களே, அதே மாதிரி ஒரு பிளாஸ்டிக் குழாயை இணையத்தில் வரவழைத்து, கம்பும் தினையும் கலந்து போட்டு, புறவாசல் முருங்கைமரத்தில் கட்டினேன். ஒரு மாதம் முழுக்க அதைத் தேடி வந்தது அணிலும் மாடப்புறாவும்தான். அணில் குழாயைக் கடித்து ஓட்டையைப் பெரிதாக்கியது, புறா கீழே சிந்தியதைப் பொறுக்கியது, அவ்வளவுதான்.

ஆச்சி தார்சாவில், அதாவது வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தவள், ஒருநாள் "தண்ணிய வையில மொதல்ல, இரைய அது தேடிக்கிடும்" என்றாள். பழைய மண்சட்டி ஒன்றைக் கழுவிக் கிணற்றுக் கட்டுக்குப் பக்கத்தில் வைத்தோம். மூன்றாம் நாள் கொண்டைக்குருவி ஜோடி வந்தது. பத்து நாளைக்குள் மைனா, தவிட்டுக்குருவிக் கூட்டம், புள்ளிப்புறா, வண்ணாத்திக்குருவி, தையல்சிட்டு என்று வரிசையாக வர ஆரம்பித்துவிட்டன.

காரணம் யோசித்தால் எளிதுதான். குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் தரையெல்லாம் மூடிவிடும், பூச்சி கிடைக்காது, அதனால் விதை தின்னும் பறவைகள் வீட்டைத் தேடி வரும். நம் ஊர்த் தோட்டத்துப் பறவைகளில் தானியம் தின்பவை கொஞ்சம்தான்: அடைக்கலாங்குருவி, புறா வகைகள், கிளி, சில்லை. மற்றதெல்லாம் வேறு சாப்பாடு. தேன்சிட்டுக்குத் தேனும் சிலந்தியும், கொண்டைக்குருவிக்குப் பழமும் பூச்சியும், வண்ணாத்திக்குருவிக்குப் புழு, செம்போத்துக்கு நத்தை, ஓணான் இப்படி. கம்பைக் குழாயில் போட்டுவிட்டுத் தேன்சிட்டு வரவில்லையே என்று காத்திருந்தால் எப்படி வரும்? ஆனால் தண்ணீர் எல்லோருக்கும் வேண்டும், அதிலும் பிசான போகத்து நெல்லை அறுத்து முடிந்து கன்னடியன் கால்வாயில் தண்ணீர் அடைத்த பிறகு, அடுத்து கார் போகத்து நெல்லுக்குத் திறக்கிற வரைக்கும் இங்கே வெயில் அடிக்கிற அடியில், ஒரு சட்டித் தண்ணீருக்கு வருகிற கூட்டம் எந்தத் தீனிக்கும் வராது.

சட்டி அகலமாக, ஆழம் குறைவாக இருக்கட்டும், இரண்டு அங்குலம் போதும். நடுவில் ஒரு கல்லைப் போடுங்கள், சின்னக் குருவிகள் அதில் நின்றுதான் குடிக்கும். தினமும் தண்ணீரை மாற்றுங்கள். கொசு முட்டையிட்டுப் பறக்கிற நிலைக்கு வர ஒரு வாரமாவது ஆகும் என்பதால் தினமும் கொட்டிவிட்டால் அந்தப் பயம் கிடையாது. தேய்க்கத் தேங்காய் நார் போதும், சோப்பு வேண்டாம். இடம் நிழலாக இருக்க வேண்டும், ஆனால் செடிப்புதரை ஒட்டி இருக்கவே கூடாது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதலில் குரோட்டன்ஸ் செடிக்குப் பக்கத்தில்தான் சட்டியை வைத்திருந்தேன். ஒருநாள் காலையில் வண்ணாத்திக்குருவிப் பெட்டை குளித்துக்கொண்டிருந்தபோது செடிக்குள் பதுங்கியிருந்த பூனை பாய்ந்து தூக்கிக்கொண்டு போய்விட்டது. நனைந்த இறகோடு அதால் சட்டென்று எழும்ப முடியவில்லை. ஆண்குருவி நாலைந்து நாள் சுவர்மேல் வந்து உட்கார்ந்து கத்திக்கொண்டே இருந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கேட்காது, தண்ணீர் வைத்துக் கூப்பிட்டவன் நான்தானே. இப்போது சட்டி செடியிலிருந்து ஏழெட்டு அடி தள்ளி இருக்கிறது: பூனை வந்தால் கண்ணில் படும், வைரி மாதிரி வேட்டைப் பறவை வந்தால் குருவிகள் பறந்து செடிக்குள் புகுந்துகொள்ளலாம்.

எப்படிக் குடிக்கிறது என்று கவனித்துப் பாருங்கள். மைனாவும் கொண்டைக்குருவியும் ஒரு வாய் அள்ளித் தலையை நிமிர்த்தி விழுங்கும். புறா தலையைத் தூக்கவே தூக்காது, மூக்கை உள்ளே விட்டு மாடு குடிக்கிற மாதிரி உறிஞ்சும். தேன்சிட்டு சட்டிக்கு அதிகம் வராது, செடிகளுக்குத் தண்ணீர் தெளித்தால் நனைந்த இலையில் புரண்டு குளிக்கும். அதற்கு என்று எதுவும் வைக்க நினைத்தால் செம்பருத்தியும் இட்லிப்பூவும் நடுங்கள், சர்க்கரைத் தண்ணீர் எல்லாம் தேவையே இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது தவிட்டுக்குருவிகள்தான். பார்க்க ஒரு அழகும் இல்லை என்பார்கள், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஏழெட்டு சேர்ந்து வரும், ஒன்று மட்டும் முருங்கைக் கிளையில் காவல் நிற்கும், மற்றவை இறங்கிக் குளிக்கும், பிறகு வரிசையாக ஒட்டி உட்கார்ந்து ஒன்றுக்கொன்று இறகு கோதிவிடும். குஞ்சுக்குத் தாய் தகப்பன் மட்டுமில்லாமல் கூட்டமே சேர்ந்து இரை ஊட்டும். போன சித்திரையில் இந்தக் கூட்டத்தோடு கறுப்பும் வெள்ளையுமாகக் கொண்டை வைத்த ஒரு குஞ்சு, வால் நீளமாக, ஊட்டுகிற குருவியைவிடப் பெரியதாக, வாயைப் பிளந்துகொண்டு பின்னாலேயே அலைந்தது. சுடலைக்குயிலின் குஞ்சு. தவிட்டுக்குருவியின் முட்டை நல்ல நீலம், சுடலைக்குயிலும் அதே நீலத்தில் முட்டையிட்டு அதன் கூட்டில் வைத்துவிட்டுப் போய்விடும். மூன்று குருவிகள் மாற்றி மாற்றி வெட்டுக்கிளி கொண்டுவந்து அதற்கு ஊட்டியதை இரண்டு வாரம் தினமும் பார்த்தேன். தார்சாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தபடி இதைப் பார்க்கக் கிடைத்ததே என்று இருந்தது.

அப்புறம் ஆறுமணிக்குருவி. ஐப்பசி பிறக்கிற சமயத்தில் வடக்கேயிருந்து வந்து, பங்குனி சித்திரை வரை இருந்துவிட்டுத் திரும்பிப் போகும். காலையிலும் சாயங்காலமும் ஆறு மணி வாக்கில் இரண்டு சுதியில் சீட்டியடிக்கும், பேர் வந்ததே அதனால்தான். பச்சை முதுகு, பளிச்சென்ற நீலம் தோளில், வயிற்றடியில் சிவப்பு. தானியம் வைத்து இதைக் கூப்பிட முடியாது. காய்ந்த இலையைப் புரட்டிப் புழு பொறுக்குகிற பறவை என்பதால், தோட்டத்தில் ஒரு மூலையை வாரியல் படாமல் விட்டால் போதும். எங்கள் வீட்டு மாமரத்தடியைக் கூட்டுவதை நிறுத்திய வருஷமே வந்தது. இரவில் பறந்து வருகிற பறவை, களைத்துப்போய் வெளிச்சத்துக்கும் கண்ணாடிக்கும் மோதி விழுவதுண்டு. உங்கள் வீட்டில் அப்படி விழுந்தால் தண்ணீரை வாயில் ஊற்றாதீர்கள், காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக ஒரு மணி நேரம் வையுங்கள், தெளிந்ததும் மரத்தடியில் திறந்து விடுங்கள். தெளியாவிட்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

சோறு வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: காக்கைக்கு வைக்கிற சோற்றைத் தட்டட்டியில், அதாவது மொட்டைமாடியில் வையுங்கள், குருவிகள் வருகிற இடத்தில் வேண்டாம். காக்கை அங்கே பழகிவிட்டால் பக்கத்துக் கூடுகளில் முட்டை தப்பாது. மிக்சர், காராச்சேவு, உப்புப் போட்ட எதுவும் கூடாது. பழம் வைக்கலாம், ஒரு துண்டு பப்பாளிக்குக் கொண்டைக்குருவி கட்டாயம் வரும். செடிக்குப் பூச்சிமருந்து அடிப்பதை நிறுத்துங்கள். தானியம் தின்கிற அடைக்கலாங்குருவிகூடத் தன் குஞ்சுக்கு முதல் நாட்களில் புழுவும் பூச்சியும்தான் கொடுக்கும், குருணையை எவ்வளவு இறைத்தாலும் புழு இல்லாத தோட்டத்தில் குஞ்சு பிழைக்காது.

பார்ப்பதற்குக் காலை ஆறரையிலிருந்து எட்டு, சாயங்காலம் நாலரைக்கு மேல். பைனாகுலர் இல்லாமலே ஆரம்பிக்கலாம். ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். 2015 முதல் வருஷா வருஷம் பொங்கலை ஒட்டிப் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது, புறவாசலில் கால் மணி நேரம் நின்று எண்ணி ஈபேர்டு செயலியில் பதிவு செய்தால் அதுவும் கணக்கில் சேரும். வசதிப்பட்டால் ஒருநாள் நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளம் போய் வாருங்கள். 1994 முதல் சரணாலயம், ஆனால் அதற்கு முன்பிருந்தே வீட்டு மரங்களில் நாரை கூடு கட்டினால் அந்த ஊர்க்காரர்கள் விரட்ட மாட்டார்கள், தீபாவளிக்கு வெடிகூடப் போட மாட்டார்கள்.

அந்தப் பிளாஸ்டிக் குழாயைக் கழற்றிப் போட்டாயிற்று. இந்தத் தை கடைசியில், தெரிந்த வயல்காரரிடம் நெற்கதிர் ஒரு கைப்பிடி வாங்கி, ஆச்சி சொல்லிக்கொடுத்தபடி குஞ்சமாகப் பின்னி வாசல் நிலையில் தொங்கவிட்டேன். நாலு வருஷமாக எட்டிப் பார்க்காத அடைக்கலாங்குருவிகள் ஒரு வாரத்தில் வந்து அதில் தொங்கிக்கொண்டு நெல் உரித்தன. அதில் ஒரு ஜோடி இப்போது கரண்டு மீட்டர் பெட்டிக்குப் பின்னால் வைக்கோலைத் திணித்துக் கூடு கட்டியிருக்கிறது, உள்ளே குஞ்சுச் சத்தம் கேட்கிறது. ரீடிங் எடுக்க வருபவரிடம் சொல்லி வைத்தேன். அவரும் பெட்டியைத் தொடாமல், தள்ளி நின்று எட்டிப் பார்த்தே எண்ணைக் குறித்துக்கொண்டு போனார்.